வயிற்றில் இருக்கும் பையனுக்காக என் ஆசைகள்: சரியா, தப்பா? சேலத்துக்காரர்கள் சொல்லுங்கள்

கோரிமேட்டான் எழுதியது:

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வளைகாப்பு. மனைவிக்கு ஏழாம் மாதம். வளையல் அடுக்க வந்தவர்கள் எல்லோரும் போகிற போக்கில் வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு உத்தியோகம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெரியம்மா கலெக்டர் ஆக்கினார். சித்தப்பா இதய டாக்டர் என்றார். மாமனார் ஒரு படி மேலே போய், பேரன் வெளிநாட்டில் சம்பாதித்து அஸ்தம்பட்டியில் மாடி வீடு கட்டுவான் என்று மனைக்கே விலை விசாரித்துவிட்டார்.

எல்லோரும் கிளம்பிய பிறகு யோசித்தேன். அப்பா ஆகப் போகிறவன் நான். எனக்கு என்ன ஆசை? யோசிக்க யோசிக்க ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. அதில் ஒரு உத்தியோகம்கூட இல்லை.

முதல் ஆசை ஏற்காடு பஸ். கோரிமேட்டில் ஏறி, அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகளை அவன் சத்தமாக எண்ண வேண்டும். மொத்தம் 20. நடுவில் ஒன்றை விட்டுவிட்டு 19 தான் என்று அவன் சாதிக்க வேண்டும். நான் 20 என்பேன். இறங்கும்போது மறுபடியும் எண்ணலாம் வா என்று அவன் சவால் விட வேண்டும். எந்த வளைவிலும் வாந்தி எடுக்கக் கூடாது.

அப்புறம் தட்டுவடை செட். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு தட்டையின் மேல் காரச் சட்னியும் பச்சைச் சட்னியும் தடவி, பீட்ரூட், கேரட், வெங்காயத் துருவலை வைத்து, இன்னொரு தட்டையால் மூடித் தருவது. அதை முழுசாக வாயில் போட வேண்டும். பாதி கடித்தால் மீதி சட்டையில் விழும். பீட்ரூட் கறை வெள்ளைச் சட்டையில் பட்டால் போகாது. என் பையன் ஸ்கூல் யூனிபார்மோடு தள்ளுவண்டி முன்னால் நின்று, வாயை அகலமாகத் திறந்து, ஒரு துருவல்கூடச் சிந்தாமல் சாப்பிட்டுவிட்டு, "அண்ணே, இன்னொரு செட், காரம் தூக்கலா" என்று அவனே கேட்க வேண்டும்.

இடதுகைக்காரனாக இருந்தால் ரொம்ப நல்லது. நம்ம சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆரம்பித்து 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்கு ஆடியதிலிருந்து, இந்த மாவட்டத்தில் இடதுகையால் ஸ்பூன் பிடிக்கிற பிள்ளையைப் பார்த்தாலே அப்பாக்களுக்கு யார்க்கர் ஞாபகம் வருகிறது. அவன் இந்தியாவுக்கு ஆட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை ஒருமுறை கிளீன் போல்டு ஆக்கினால் போதும்.

மாம்பழ சீசனில் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தே இது மல்கோவா, இது இமாம் பசந்த், இது நடுசாலை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மேட்டூர் அணை 120 அடி நிரம்பிப் 16 கண் மதகில் தண்ணீர் விடுகிற வருடம், என் தோள்மேல் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். அழுகை வந்தால் அழ வேண்டும், யாரும் அவனிடம் ஆம்பளை அழலாமா என்று கேட்கக் கூடாது. சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைக்க வேண்டும். தாத்தாவிடம் வாதம் செய்து ஜெயிக்க வேண்டும், எங்கள் வீட்டில் அது இதுவரை யாருக்கும் முடியாதது.

இவ்வளவுதான். ஆனால் என் சிநேகிதன் ஒருவன் இதுவும் தப்பு என்கிறான். ஆசை சின்னதோ பெரிதோ, பிள்ளை தலையில் ஏற்றுகிற மூட்டைதான் என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வார்டு அக்கா எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. மனைவிக்கு இரும்புச்சத்து மாத்திரை ஒருநாள்கூட விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் ஆசைகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஏழாம் மாதத்தில் பையன் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? ஸ்கேனில் பார்த்துச் சொல்வது 1994 சட்டப்படி குற்றம். சென்டர் சுவரில் பெரிதாக எழுதிப் போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். ஆக உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே பையனாக ஆக்கிவிட்டீர்கள்.

நான் சேலம் மாவட்டத்துக் கிராமங்களில் பல வருடம் பிரசவம் பார்த்தவள். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் முதலில் எங்கே தொடங்கியது? நம்ம சேலத்தில்தான். பெண் குழந்தை வேண்டாம் என்றால் அதன் உயிரை எடுக்காதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசாங்கமே கேட்டுக்கொள்ள வேண்டிய நிலைமையில் இருந்த மாவட்டம் இது. இந்த ஊரில் ஒரு அப்பா சிரித்துக்கொண்டே எனக்குப் பையன் என்றால் எனக்கு அது லேசாகத் தெரிவதில்லை.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். குழந்தையைத் துணியில் சுற்றி வார்டு கதவைத் திறந்து வெளியே வருவேன். வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து நிற்பார்கள். "என்ன குழந்தை சிஸ்டர்?" இதுதான் எப்போதும் முதல் கேள்வி. பெண் என்று சொன்னதும் அப்பாவின் முகத்தைத்தான் பார்ப்பேன். சிலர் கை நீட்டி வாங்குவார்கள். சிலர் செல்போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போவார்கள். அப்படிப் போகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை தம்பி. மாதக்கணக்கில் பையன் பையன் என்று மனதில் ஓட்டிப் பார்த்தவர்கள். வேறு ஒருவரை எதிர்பார்த்து வந்து நின்றவர்கள்.

கோரிமேட்டான் எழுதியது:

அக்கா, நீங்கள் சொல்வது மனதில் பட்டது. பெண் பிறந்தால் படிக்கட்டுப் பக்கம் போகிறவன் நான் இல்லை. அதை இங்கே அடித்துச் சொல்கிறேன்.

ஆனால் பையன் என்று ஏன் நினைக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குவார். நாங்கள் வீட்டுக்குள் கால் சத்தம் கேட்காமல் நடப்போம். நல்ல மனுஷர், ஒரு குறை வைத்ததில்லை. ஆனால் அவரும் நானும் சேர்ந்து ஒரு பஸ்ஸில் போனதாகவோ, ஒரு தள்ளுவண்டி முன்னால் நின்றதாகவோ எனக்கு ஞாபகம் இல்லை. அப்பாவும் பையனும் சேர்ந்து சும்மா சுற்றுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டும். என் ஆசைகள் எல்லாம் அதிலிருந்து வந்தவை. குலம் விளங்க, கொள்ளி வைக்க என்று நான் எங்கேயாவது எழுதியிருக்கிறேனா?

ரெண்டு பொண்ணு அப்பா எழுதியது:

எழுதவில்லை தம்பி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பட்டியலை எடுத்து என் வீட்டில் வைத்துப் பார்த்தேன். மூத்தவள் கொண்டை ஊசி வளைவு எண்ணுவாள். சின்னவள் தட்டுவடை செட்டில் காரம் போதவில்லை என்று கடைக்கார அண்ணனோடு சண்டை போடுவாள். மாம்பழம் மோந்து பார்ப்பது இரண்டு பேருக்குமே வரும். தாத்தாவிடம் வாதம் செய்து ஜெயிப்பதில் சின்னவளை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் இல்லை. உங்கள் ஆசைகளில் பையனால் மட்டும் முடியும் என்று ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

நடராஜனைச் சொன்னீர்கள். 2020 நவம்பரில் அவர் ஐபிஎல்லுக்காக வெளிநாட்டில் இருந்தபோது பிறந்தது மகள்தான். அங்கிருந்து அப்படியே ஆஸ்திரேலியா போனார். பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்து ஜனவரியில் ஊர் திரும்பின பிறகுதான் குழந்தையைக் கையில் வாங்கினார். சரி, கிரிக்கெட்தான் ஆசை என்றால், 2025 நவம்பரில் நவி மும்பையில் உலகக் கோப்பையைத் தூக்கியது நம்ம பெண்கள் அணி. ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்களை கிளீன் போல்டு ஆக்க மகளாலும் முடியும்.

சில்வர் ஓக் எழுதியது:

ஏற்காட்டில் டாக்சி ஓட்டுகிறேன். ஆண், பெண் விவாதத்துக்குள் நான் வரவில்லை. வாந்தி விஷயத்துக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் அது என் சீட் கவரோடு சம்பந்தப்பட்டது.

கைக்குழந்தைகளுக்கு மலைப்பாதையில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இரண்டு வயதுக்கு மேல்தான் தொந்தரவு ஆரம்பிக்கும், பன்னிரண்டு வயது வரைக்கும் அதிகம். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு வண்டி திரும்புகிறது என்று சொல்லும். கண் செல்போனையோ முன் சீட்டின் முதுகையோ பார்த்துக்கொண்டு எதுவும் அசையவில்லை என்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாமல்தான் வயிறு புரட்டும். அதனால் வளைவு எண்ணச் சொல்லும் யோசனை உண்மையிலேயே நல்லது. பிள்ளை வெளியே பார்க்கும், தூரத்து மரத்தைப் பார்க்கும், வளைவு வருவதும் முன்கூட்டியே தெரியும். செல்போனை மட்டும் கையில் கொடுக்காதீர்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் ஏறாதீர்கள், காலி வயிற்றோடும் ஏறாதீர்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் காற்று வரும்.

முக்கால்வாசிப் பேர் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வருவார்கள். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

கொலுசுப் பட்டறை எழுதியது:

பஸ் எதற்கு? பைக் டேங்க் மேல் உட்கார வைத்துக் கூட்டிப்போனால் இருபது வளைவும் முகத்துக்கு நேராகத் தெரியும். நாங்கள் எல்லாம் அப்படித்தான் போனோம்.

சில்வர் ஓக் எழுதியது:

அண்ணே, தயவுசெய்து இதை மட்டும் சொல்லாதீர்கள். டேங்க் மேல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குப் பிடிக்க ஹேண்டில் பார்தான் கிடைக்கும். வளைவில் அது ஹேண்டிலை இழுத்தால் எங்கே போவீர்கள்? 2023 பிப்ரவரியிலிருந்து நான்கு வயசுக்குள் இருக்கிற பிள்ளையை டூவீலரில் கூட்டிப்போனால் ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் வேண்டும், ஒன்பது மாசத்துக்கு மேல் என்றால் ஹெல்மெட்டும் வேண்டும், நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. அந்த மலைப்பாதையில் பிரேக் சூடாகி இறங்குகிற பைக்குகளைத் தினமும் பார்க்கிறவன் சொல்கிறேன். பஸ்ஸே போதும்.

செவ்வாய்ப்பேட்டை வாத்தியார் எழுதியது:

முப்பது வருடத்துக்கு மேல் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். கோரிமேட்டானின் சிநேகிதர் கட்சி நான்.

தம்பி, நீங்கள் எழுதியதில் கபடம் இல்லை, புரிகிறது. ஆனால் நான் பார்த்த பெற்றோர் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். யாரும் பிரசவ வார்டிலேயே நீட் கோச்சிங் என்று சொல்வதில்லை. முதலில் சிரிப்பாக இருக்கும். பிள்ளை ஒரு வளைவை விட்டுவிட்டு எண்ணினால் அழகு. நாலாம் வகுப்பில் கூட்டல் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டால் அது அழகாகத் தெரியாது. இடதுகையால் பந்து போட்டால் நன்றாக இருக்கும் என்கிற ஆசை, ஆறு வயதில் கோடை முகாம், எட்டு வயதில் காலை ஐந்து மணி பயிற்சி. பிள்ளைக்குப் பந்தே பிடிக்காது என்பதை அப்பா கடைசியாகத்தான் தெரிந்துகொள்வார்.

பெரியவடகம்பட்டி மாரியப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதில் பஸ் சக்கரம் ஏறி வலது கால் நசுங்கியது. அம்மா கூலி வேலை பார்த்து, காய்கறி விற்று வளர்த்தார். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். இந்தப் பிள்ளை உயரம் தாண்டும் என்று எந்தத் தாய் ஆசைப்பட்டிருக்க முடியும்? பிள்ளை ஓடுவதையும் குதிப்பதையும் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர் பார்த்தார், வழிகாட்டினார். பிள்ளை எப்படி இருக்கிறதோ அதைப் பார்ப்பதுதான் பெரியவர்கள் வேலை. ஆசைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பட்டியலில் இருப்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

கொலுசுப் பட்டறை எழுதியது:

வாத்தியார் ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் அப்பா எனக்காக ஒரு ஆசையையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பட்டறையில் வெள்ளியை உருக்கி, கம்பி இழுத்து, கொலுசுக்கு ஒவ்வொரு கண்ணியாகப் பற்றவைப்பார். நான் ஸ்கூல் விட்டு வந்ததும் பக்கத்தில் ஒரு பலகை போட்டிருக்கும். உட்கார் என்று சொல்ல மாட்டார். பலகை மட்டும் இருக்கும். ஊதுகுழலை நான் எடுத்தால் ஒன்றும் பேச மாட்டார், எடுக்காவிட்டாலும் ஒன்றும் பேச மாட்டார். ஆனால் எடுக்காத நாளில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு லேட்டாக வருவார். எனக்கு லாரி மெக்கானிக் ஆக வேண்டும் என்று ஆசை. அவரிடம் எப்படிச் சொல்வது? அவர்தான் எதுவுமே கேட்கவில்லையே! கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

அந்தப் பலகையில் உட்கார்ந்தவன் இன்னும் அங்கேயேதான் இருக்கிறேன். தொழில் மோசமில்லை, கைவேலைக்கு மரியாதை இருக்கிறது, சம்பாதிக்கிறேன். அப்பாவைக் குறை சொல்லவும் இல்லை. ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரி ஆசையே இல்லாத அப்பா என்று உலகத்தில் ஒருவர் இருந்தால் காட்டுங்கள். எல்லோருக்கும் இருக்கும். சிலர் சொல்வார்கள், சிலர் சொல்ல மாட்டார்கள். கோரிமேட்டான் தம்பி சொல்கிறார், அதுவும் சிரித்துக்கொண்டு சொல்கிறார். அந்தப் பையன் நாளைக்கு, அப்பா எனக்குத் தட்டுவடை பிடிக்காது, பானிபூரிதான் வேண்டும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லலாம். சொல்வதில் பயம் ஒன்றும் இருக்காது.

செவ்வாய்ப்பேட்டை வாத்தியார் எழுதியது:

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உங்கள் அப்பா ஆசையைச் சொல்லவில்லை என்பதைவிட, உங்கள் ஆசை என்ன என்று கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சொல்வது, சொல்லாமல் இருப்பது இரண்டும் அப்பாவைப் பற்றிய பேச்சு. பிள்ளையைக் கேட்பது வேறு. கோரிமேட்டான் பட்டியலில் "அவனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்பேன்" என்று ஒரு வரி இருந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

கோரிமேட்டான் எழுதியது:

ஐயா, இன்னும் பிறக்கவே இல்லையே, யாரிடம் கேட்பது!

ஆனாலும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். நான் ஆசைப்பட்டது எதுவும் அவன் ஜெயிக்க வேண்டிய விஷயம் இல்லை. மதிப்பெண் இல்லை, பதக்கம் இல்லை, சம்பளம் இல்லை. வளைவைத் தப்பாக எண்ண வேண்டும் என்றே ஆசைப்பட்டிருக்கிறேன். கூட்டலில் ஒன்று விட்டால் கோபம் வரும் என்கிறீர்கள். வரலாம், நானும் மனுஷன்தான். ஆனால் பஸ்ஸில் அவனோடு 19-ஆ 20-ஆ என்று சண்டை போட்டவனுக்கு, கணக்கு நோட்டை முன்னால் வைத்துக்கொண்டு கோபம் வருகிற நேரத்தில் அது கொஞ்சமாவது ஞாபகம் வரும் என்று நம்புகிறேன். அந்த ஞாபகத்துக்காகத்தான் இப்போதே ஆசைப்பட்டு வைக்கிறேன்.

பந்து பிடிக்காவிட்டால் வேண்டாம். நம்ம சேலம் குகைப் பகுதியில் ஆடி மாதம் வண்டி வேடிக்கை நடக்கும். மாட்டு வண்டியை ஜோடித்து, ஆட்கள் சாமி வேஷம் கட்டி அதன்மேல் நிற்பார்கள். ராத்திரி முழுக்கக் கூட்டம். அவனுக்கு அதுதான் பிடிக்கிறது, வேஷம் கட்ட வேண்டும் என்கிறான் என்றால், அரிதாரம் பூசிவிட நான் தயார். இது பட்டியலில் இல்லை, இப்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

வார்டு அக்கா எழுதியது:

வாத்தியாரும் பட்டறைத் தம்பியும் பேசுவது பள்ளிக்கூட வயதைப் பற்றி. நான் இன்னும் பிரசவ வார்டிலேயே நிற்கிறேன், மன்னிக்க வேண்டும். எனக்கு இன்னும் பதில் வரவில்லை.

தம்பி, உங்கள் அப்பாவோடு கிடைக்காத ஒன்றைப் பையனோடு தேடுகிறேன் என்றீர்கள். நெஞ்சைத் தொட்டது, உண்மை. ஆனால் வயிற்றில் இருப்பது பெண் என்றால் அவள் என்ன செய்வாள்? உங்கள் அப்பாவின் இடத்தையும் நிரப்ப முடியாது, நீங்கள் நினைத்த பையனின் இடத்தையும் நிரப்ப முடியாது. வாய்விட்டுச் சொல்லிவிட்டால் லேசு என்கிறார் பட்டறைத் தம்பி. பையனாகப் பிறந்தவனுக்கு லேசுதான். தட்டுவடை பிடிக்காது என்று சொல்லிவிடுவான். நான் பையன் இல்லை என்று ஒரு பெண் எப்படிச் சொல்வாள்?

இன்னொன்று. வளைகாப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் பேரன் பேரன் என்று பேசியபோது உங்கள் மனைவி என்ன சொன்னார்? உங்கள் பதிவில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எங்கள் வார்டில் பெண் பிறந்ததும் சில மாமியார்கள் மருமகளைத் திட்டுவார்கள். ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது அப்பாவிடமிருந்து வரும் குரோமோசோம் என்று அவர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன். எல்லோரும் பையனை எதிர்பார்க்கிற வீட்டில் அந்தப் பெண் எந்த மனதோடு லேபர் வார்டுக்குள் போவாள் என்று நினைத்துப் பாருங்கள்.

கோரிமேட்டான் எழுதியது:

அவளிடம் காட்டிவிட்டுத்தான் இதைப் பதிவிட்டேன் அக்கா. முழுவதும் படித்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எனக்குப் பொண்ணுன்னு தோணுது. அவ உங்களோட பஸ்ல வருவா. ஆனா சாப்பிட்ட தட்டை நீங்களும் கழுவுங்க." தட்டு நேற்று ராத்திரியிலிருந்து என் பொறுப்பு.

உங்கள் கேள்விக்கு என் பதில்: பையன் என்று கற்பனை செய்ததை இல்லை என்று சொல்ல மாட்டேன். மனதில் வந்த முகம் அது. ஆனால் பெண் பிறந்தால் அந்த முகம் போய் அவள் முகம் வரும். பஸ் மாறாது, தள்ளுவண்டி மாறாது, மதகு மாறாது, தோளும் மாறாது.

வார்டு அக்கா எழுதியது:

வரும் என்கிறீர்கள். வர வேண்டும். நீங்கள் நல்லவிதமாகத்தான் சொல்கிறீர்கள், ஆனாலும் நான் நம்புவது கதவைத் திறக்கும்போது பார்க்கிற முகத்தைத்தான். ஒன்று செய்யுங்கள். கதவு திறந்ததும் என்ன குழந்தை என்று கேட்காதீர்கள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று முதலில் கேளுங்கள். உள்ளே இருக்கிற சிஸ்டருக்கும் அது சந்தோஷமாக இருக்கும்.

ஆசைப் பட்டியலில் முதல் மாதத்துக்கு ஒன்றுமே இல்லையே, அதையும் கவனித்தீர்களா? எல்லாம் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கான ஆசைகள். ராத்திரி இரண்டு மணிக்கு ஈரத் துணி மாற்றுவது, பால் குடித்த பிறகு தோளில் போட்டு ஏப்பம் வரவைப்பது, அம்மா ஒரு இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க வழி செய்வது. தோள்மேல் ஏற்றி மதகு காட்டுவதற்கு முன்னால் தோளுக்கு இந்த வேலை இருக்கிறது.

ரெண்டு பொண்ணு அப்பா எழுதியது:

அக்கா சொல்வது சத்தியம். லீவு விஷயத்தையும் இப்போதே பாருங்கள் தம்பி. மத்திய அரசு ஊழியர் என்றால் அப்பாவுக்கு 15 நாள் உண்டு, குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம். தனியார் கம்பெனியில் அப்படிச் சட்டம் எதுவும் இல்லை, முதலாளி மனம் வைத்தால்தான். நீங்கள் எங்கே வேலை?

கோரிமேட்டான் எழுதியது:

சேகோ (ஜவ்வரிசி) பேக்டரி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன் அண்ணே. அப்பா லீவு என்று ஒன்று அங்கே யாரும் கேட்டதில்லை. நாளைக்கே கேட்கிறேன். இல்லை என்றால் இருக்கிற லீவை எல்லாம் சேர்த்து வைக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை வாத்தியார் எழுதியது:

லீவு கேட்பது நல்ல ஆரம்பம். என் கட்சியை நான் மாற்றிக்கொள்ளவில்லை. பிள்ளை அதுவாக என்ன செய்கிறது என்று பாருங்கள், உங்கள் ஆசையைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். ஒரு வருடம் ஆனதும் வந்து, அது எதைப் பார்த்துச் சிரித்தது, எதைக் கண்டு பயந்தது என்று இங்கே எழுதுங்கள். அந்தப் பட்டியலைப் படிக்க எனக்கு ஆசை.

கொலுசுப் பட்டறை எழுதியது:

ஐயா, கடைசியில் உங்களுக்கும் ஒரு ஆசை வந்துவிட்டது பாருங்கள்!

தம்பி, காப்பு போடுகிற நாளுக்குத் தண்டை என் பட்டறையிலிருந்து. உள்பக்கம் நன்றாக வழவழப்பாக்கி, பிள்ளை தோலில் உரசாத மாதிரி செய்து தருகிறேன். பையனுக்கும் அதேதான், பெண்ணுக்கும் அதேதான். கால் அளவு மட்டும் பிறந்த பிறகு சொல்லுங்கள்.

கோரிமேட்டான் எழுதியது:

நன்றி அண்ணே, கட்டாயம் சொல்கிறேன். சில்வர் ஓக் அண்ணனுக்கு ஒரு கேள்வி: குழந்தையை முதல் தடவை மலைக்குக் கூட்டிவர எந்த மாதம் நல்லது?

சில்வர் ஓக் எழுதியது:

மே மாதம் வேண்டாம். கோடை விழா கூட்டத்தில் வண்டி வளைவிலேயே நின்றுவிடும், கைக்குழந்தைக்குக் கஷ்டம். டிசம்பர், ஜனவரியில் குளிர் ஜாஸ்தி, 1,500 மீட்டர் உயரம் இல்லையா. பிப்ரவரி, மார்ச்சில் வாருங்கள், கூட்டம் இருக்காது, பனியும் குறைந்திருக்கும். மார்ச் கடைசியில் மழை தட்டினால் காபி பூத்துவிடும், எஸ்டேட் முழுக்க வாசனை. கிளம்புவதற்கு முந்தின நாள் இங்கே எழுதினால் ரோடு எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.